அடுக்களைக் கல்லும் ஜன்னலுக்கு வெளியே நின்ற நானும்

கல்லுக்கு மெருகு போடுகிறவனுக்குச் சோறு போடுவதும் தண்ணீர்தான், அவன் பெயரைக் கெடுப்பதும் தண்ணீர்தான்.

இதை வாசிக்கிற உங்கள் வீட்டு அடுக்களையிலும் மெருகிட்ட கல் ஒன்று இருக்கும். அதில் டம்ளர் வைத்த இடத்தில் ஒரு வட்டம் இருக்கும். முதலில் துணியால் துடைத்திருப்பீர்கள், அப்புறம் நகத்தால் சுரண்டியிருப்பீர்கள், கடைசியில் அதன்மேல் ஒரு செம்பைத் தூக்கி வைத்து மறைத்திருப்பீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. நம்முடைய கூட்டம் பெரிது.

நான் பாறசாலைக்காரன். பெயர் ஞானமுத்து, ‘கல்லு ஞானமுத்து’ என்று விசாரித்தால்தான் வீட்டைக் காட்டுவார்கள். எல்லைப் போராட்டம் நடந்த வருஷங்களில் நெய்யாற்றின்கரை, திருப்புறம், ஒற்றசேகரமங்கலம் என்று சைக்கிளில் சுற்றிப் பளிங்கு மேஜைக்கும் அடுக்களைக் கல்லுக்கும் மெருகு போட்டேன். எந்த ஊர் தமிழ்நாட்டோடு, எந்த ஊர் மலையாளத்தோடு என்று சனங்கள் அடித்துக்கொண்ட காலம் அது. என் தொழிலில் நான் கெட்டிக்காரன். அடக்கமாகக் கேட்கவேண்டுமென்றால் வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள்.

அந்தக் கல்லுகளில் ஒன்றைப் பற்றிச் சொல்லத்தான் முக்கியமாக உட்கார்ந்தேன். அது கோமதியம்மாள் என்கிற ஒரு வீட்டு மருமகளின் அடுக்களைக் கல். அது நின்றால் அவள் நின்று சமைப்பாள். அதைப் பெயர்த்துவிட்டால் மடங்காத முழங்காலை மடக்கித் தரையில் உட்கார வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அதற்கு முன்னால் வேறு ரெண்டு கல்லைப் பார்த்துவிடுவோம். இல்லாவிட்டால் கோமதியம்மாளின் கல்லுக்கு என்ன வந்தது என்று உங்களுக்குப் பிடிபடாது.

ஆறு மேஜை

பாறசாலையில் குட்டன் நாயர் என்று ஒருவர் காப்பிக்கடை வைத்திருந்தார். உள்ளே ஆறு பளிங்கு மேஜைகள். வலப்பக்கம் மூன்றில் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்கிறவர்கள் உட்காருவார்கள், இடப்பக்கம் மூன்றில் கூடாது என்கிறவர்கள். யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் மாறி உட்கார்ந்த ஆளை நான் பார்த்ததில்லை. ஒரு மழை முடிந்ததும் நாயர் கிணற்றை இறைத்துச் சுண்ணாம்பு கலக்கினார். அடுத்த வாரம் ஆறு மேஜையிலும் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். இவர்கள் எதையோ தடவிவிட்டார்கள் என்று அவர்களும், அவர்கள் தடவிவிட்டார்கள் என்று இவர்களும் ஆரம்பித்தார்கள். நாயர் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

நான் நகத்தை வட்டத்தின்மேல் ஓட்டினேன். நகம் ஏறி இறங்கியது. அப்படியானால் அது கல்லின்மேல் படிந்தது, கல்லுக்குள் போகவில்லை. தண்ணீர் உலர்ந்துபோகும், அது கொண்டுவந்த சுண்ணாம்பு போகாது. கல் நன்றாக உலர்ந்திருக்கும்போது சவர பிளேடைப் படுக்கப் போட்டு மெல்லச் சுரண்டினேன். மிச்சத்துக்குச் சாக்பீஸ் பொடியைத் தண்ணீரில் குழைத்துத் துணியால் தேய்த்தேன். ஒரு மத்தியானத்தில் ஆறு மேஜையும் முகம் பார்க்கலாம் போல ஆயிற்று. இனி வராமலிருக்க ரெண்டு துணி போதும் என்றேன். ஈரத்துணியால் ஒரு துடை, உடனே உலர்ந்த துணியால் ஒரு துடை. தானாக உலரட்டும் என்று விட்டால்தான் வட்டம். நாயர் ரெண்டு துணியையும் தோளில் போட்டுக்கொண்டு, ரெண்டு பக்கத்து ஆட்களையும் பார்த்துப் பெருமூச்சு விட்டார். “மேஸ்திரி, இவன்மாரு சேர்ந்தாலும் செரி, பிரிஞ்சாலும் செரி, துடைக்கப் போறது நான் ஒருத்தனாக்கும்.”

பார்வை போன கல்

ரெண்டாவது கல் ஒரு மிஷன் பங்களா அடுக்களையில் இருந்தது. ரொட்டி மாவு தேய்க்கிறதுக்கென்று கப்பலில் வந்த வெள்ளைப் பளிங்கு. பங்களாவின் சமையல்காரி பாக்கியம் எங்கள் சபைக்காரி, என் அம்மைக்குத் தூரத்து உறவு. கிறிஸ்துமஸ் வருகிறதே, துரைசாணி மெச்சட்டும் என்று பித்தளைப் பாத்திரங்களையெல்லாம் புளி போட்டு விளக்கினாள். மிச்சப் புளியை வீணாக்குவானேன் என்று கல்லையும் விளக்கிவிட்டாள். நம் பக்கத்தில் இந்தத் தப்பைப் பண்ணாத பெண் கிடையாது. புளி பட்டால் பித்தளை பளபளக்கும், பளிங்கு குருடாகும். பால் நிறத்தில் மின்னின கல் சாம்பல் பூத்து மங்கிப்போய்க் கிடந்தது.

இங்கே நகத்தை ஓட்டினால் ஏறவில்லை, சொரசொரவென்று இறங்கியது. மேலே ஒன்றும் படியவில்லை, கல்லையே புளிப்பு தின்றிருக்கிறது. இதைத்தான் நீங்கள் நன்றாக ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏறினால் சுரண்டி எடுக்கலாம். இறங்கினால் சுற்றியிருக்கிற கல்லையும் அந்தப் பள்ளத்தின் மட்டத்துக்குத் தேய்த்துக் கொண்டுவர வேண்டும், வேறு வழி இல்லை. முதலில் கறுப்புக் குருந்தப் பொடி, அப்புறம் அதைவிட நைசான சாம்பல் நிறப் பொடி, கடைசியில் வெள்ளை மெருகுப் பொடி. மூன்று நாள் தேய்த்தேன். தோள் கழன்றது. முடித்துவிட்டுப் பாக்கியத்தை உட்காரவைத்து, புளி ஆகாது, எலுமிச்சை ஆகாது, மோர் ஆகாது, காடி ஆகாது என்று விரல் மடக்கிச் சொன்னேன். அவள் மூக்கில் விரல் வைத்துக் கேட்டுவிட்டு, “அப்போ மீன்கொழம்பு வைக்கிற நாட்டுக்கு இந்தக் கல்லு என்னத்துக்கு மக்கா வந்துது?” என்றாள்.

பால் காய்ச்சுமுன்னே

இனி கோமதியம்மாள். ஒற்றசேகரமங்கலம் போகிற வழியில் ஒரு சைவப் பிள்ளைமார் வீடு. வீட்டுக்காரர் தாணுப்பிள்ளை, தாலுகா ஆபீசில் தலைமைக் குமஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்கினவர், சம்சாரம் காலமாகிவிட்டாள். மகன் திருவனந்தபுரத்தில் வேலை, சனிக்கிழமைதான் வருவான். அவன் சம்சாரம் கோமதியம்மாள் ரெண்டு வருஷத்துக்கு முன்னால் கிணற்றுப்படியில் வழுக்கி விழுந்ததில் வலது கால்முட்டு மடங்காமல் போயிற்று. தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் காய் நறுக்க முடியாது. புருஷன் ஒரு பழைய பங்களா ஏலத்தில் நல்ல பளிங்குப் பலகை ஒன்று எடுத்து வந்து, புது அடுக்களையில் இடுப்புயரத்துக்கு மேடை கட்டிப் போட்டுக் கொடுத்தான். அதற்கு மெருகு போட என்னைக் கூப்பிட்டார்கள். பெண்பிள்ளை நின்று சமைப்பது ஓட்டலில்தான் என்று கிழவருக்கு மனத்தாங்கல். ஆனால் மகன் வாங்கிவந்துவிட்டான்.

எட்டு நாள் அந்த அடுக்களைக்குள் என் வீடு போல நடந்தேன். தாணுப்பிள்ளையே கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து கொடுப்பார். ஒன்பதாம் நாள் பால் காய்ச்சினார்கள். பால் பொங்கினதோடு அடுக்களை எனக்கு அடைபட்டது. எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம்: வீடு கட்டி முடிகிறவரை கொத்தனும் ஆசாரியும் மெருகுக்காரனும் எங்கேயும் போகலாம், பால் பொங்கிவிட்டால் சாதி வந்துவிடும். என் அப்பன் அவரை ‘ஏமானே’ என்று கூப்பிட்டார். நான் ‘பிள்ளை அய்யா’ என்பேன். அந்த மட்டுக்குத்தான் காலம் மாறியிருந்தது. எல்லையை ஆற்றுக்கு அப்பால் தள்ளி வைத்து ஊரைத் தமிழ்நாட்டோடு சேர்க்கணும் என்று கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசுகிற மனிதர், தன் அடுக்களை வாசலை எனக்காக ஒரு விரற்கடை தள்ள மாட்டார். எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் அதை நினைத்தால் வரும்.

அன்றைக்கே, பந்தியில் எல்லாரும் இருக்கும்போது, மருமகளுக்கும் எனக்கும் சேர்த்து ஒரு சட்டம் போட்டார். எங்கள் பேச்சில் கறைக்குப் ‘பாடு’ என்று பெயர். கழுவினால் போவது அழுக்கு, கழுவியும் போகாதது எச்சில். எச்சில் ஒட்டின கல்லில் சாமிக்கு நைவேத்தியம் செய்ய முடியாது என்பது அவர் கணக்கு. “ஒரு பாடு விழுந்து அது கழுவிப் போகல்லண்ணா, கல்லைப் பெயர்த்துத் தொழுவுல மாட்டுக்குத் தொட்டி கட்டுவேன். அவ பழையபடி தரையில இருந்து அரிஞ்சா போதும்.”

ஜன்னல் வைத்தியம்

கோமதியம்மாள் பயந்தவள் அல்ல, ஆனால் அந்தக் கல்லை நினைத்துப் பயந்தாள். பால் காய்ச்சின மூன்றாம் வாரமே எனக்கு ஆள் வந்தது. போனேன். அடுக்களைக்குப் பின்புறம் கம்பி போட்ட ஜன்னல் ஒன்று உண்டு, வெளியே வாழைமூடு, ஓடை, சாம்பல் குவியல். அங்கே நின்றேன். அவள் உள்ளே கல்லுக்கு முன்னால் நின்றாள். நான் சொல்வேன், அவள் செய்வாள். வைத்தியர் ஜன்னலுக்கு வெளியே, நோயாளி உள்ளே. உலகத்தில் வேறு எந்த மெருகுக்காரனுக்கும் இப்படி ஒரு வேலை கிடைத்திருக்காது.

அவளுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். நகத்தை எப்படி ஓட்டுவது, பிளேடை எப்படிப் படுக்கப் போடுவது, காலை வெயில் சாய்ந்து விழும்போது கன்னத்தைக் கல்லோடு ஒட்டி வைத்து வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தால் எந்தப் பாடும் ஒளிய முடியாது என்பது. டம்ளருக்கு அடியில் பனையோலைத் தடுக்கு. செம்பின் அடியைத் துடைக்காமல் வைக்கக்கூடாது. மாசத்துக்கொருதரம் தேன்மெழுகை உருக்கித் துணியில் தொட்டு, ஆள் பூசினதே தெரியாத அளவுக்குப் பூச வேண்டும். அப்பிவைத்தால் அதிலேயே தூசி ஒட்டும். அவளுக்கு ஒரு தரம் சொன்னால் போதும். ஆறு மாசத்தில், ‘மேஸ்திரி, நேத்து ஒண்ணு விழுந்துது, ஏறுற ஜாதி, எடுத்திட்டேன்’ என்று என்னிடமே கணக்கு ஒப்பிக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். கம்பிக்கு இந்தப்பக்கம் நின்று கழுத்து வலித்த ஒரு நாள், இதென்ன பிழைப்பு என்று நான் முனகினது அவள் காதில் விழுந்துவிட்டது. சிரிக்காமல் சொன்னாள்: “கண்ணு உம்மது, கை எனக்குள்ளது. ரெண்டும் ஒரே ஆளுகிட்ட இருந்தா எம்புட்டு சௌகரியம், என்னா மேஸ்திரி?”

ஒன்பது பாடு

அப்புறம் அது நடந்தது. தங்கைக்குக் கல்யாணம் என்று கோமதியம்மாள் திருப்புறத்தில் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள், நாலு நாள்; புருஷனும் திருவனந்தபுரத்திலிருந்து நேரே அங்கே போய்விட்டான். அந்த நாலு நாளில் ஒரு நாள் கடையடைப்பு. ஒரு கடையிலும் சொட்டுத் தண்ணீர் கிடைக்காது. தமிழ்க் கட்சி ஆட்கள் இருபது பேர் வெயிலில் அலைந்து தாணுப்பிள்ளை வீட்டில் வந்து விழுந்தார்கள். வீட்டில் பெண்கள் இல்லை. அவள் திரும்பி வந்த திங்கட்கிழமை பார்த்தால் கல்லில் ஒன்பது இடத்தில் மங்கின வட்டம், நடுவில் கோடு கோடாக வழிந்த தடம். கிழவர் அவளுக்கு முன்னாலேயே பார்த்துவிட்டார். கழுவிப் பார்த்தார், போகவில்லை. கொத்தனுக்கு ஆள் அனுப்பிவிட்டார். அவள் எனக்கு ஆள் அனுப்பினாள்.

நான் ஜன்னலில் போய் நின்று, நகத்தை ஓட்டச் சொன்னேன். ஓட்டினாள். “இறங்குது,” என்றாள். இறங்கினால் புளிப்பு. நாலு நாள் வீட்டிலேயே இல்லாத பெண் புளிப்பை எங்கே கொட்டினாள்? நான் தலையைக் குனிந்தேன். என் காலடியில், சாம்பல் குவியலின்மேல், பிழிந்த எலுமிச்சைத் தோல் ஒரு சிறு கூடை அளவுக்குக் கிடந்தது, எறும்பு மொய்த்துக்கொண்டு. எலுமிச்சைக்கு எங்கள் பேச்சில் நாரங்கா. இருபது பேருக்கு நாரங்காவெள்ளம் கலக்கியிருக்கிறார்கள். மருமகள் இல்லாத வீட்டில், சைவ அடுக்களைக்குள் போய்க் கல்லில் வைத்து அறுத்துப் பிழியக்கூடிய ஆள் அந்த ஊரில் ஒருத்தர்தான் உண்டு. அவர் எனக்குப் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், கட்சிக்காரர்கள் ரெண்டு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு.

சொல்லியிருக்கலாம். தோலை எடுத்து நீட்டி, ‘பிள்ளை அய்யா, இதாரு அறுத்தது?’ என்று கேட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கட்சிக்காரர் முன்னால் அவர் முகம் செத்துப்போனால், அந்த ரோசத்திலேயே கல் சாயங்காலம் தொழுவத்தில் கிடக்கும். எனக்கு நியாயம் பெரிதா, கல் பெரிதா? காலால் கொஞ்சம் சாம்பலைத் தள்ளித் தோலை மூடினேன். கல்லைப் புளிப்பு கடித்திருக்கிறது, நாலு நாள் கொடுத்தால் அம்மாவே தேய்த்து எடுத்துவிடுவாள் என்று மட்டும் சொன்னேன். புளிப்பு எப்படி வந்தது என்று அவர் கேட்கவே இல்லை. அவருக்கும் புரிந்துவிட்டது என்பதற்கு அந்தக் கேட்காதது ஒன்றே போதும். “வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கொத்தன் கடப்பாரையோட வாறான். அதுக்குள்ள போச்சுண்ணா கல்லு இருக்கட்டும், போகல்லண்ணா தொழுவுக்கு.”

மூன்று பொட்டலம்

செவ்வாய்க்கிழமை கறுப்புப் பொடியையும் சாம்பல் பொடியையும் வெள்ளைப் பொடியையும் மூன்று பொட்டலமாகக் கட்டிச் சைக்கிளில் கிளம்பினேன். பாலத்துக்குப் பக்கத்தில் போலீஸ். எங்கேயோ கல்லெறி நடந்ததாம், போகிறவன் வருகிறவனையெல்லாம் நிறுத்திச் சோதித்தார்கள். கறுப்புப் பொட்டலத்தைப் பிரித்ததுமே ஒரு கான்ஸ்டபிள் நாலு அடி பின்னால் குதித்தான். வெடிமருந்து என்று முடிவு கட்டிவிட்டார்கள். இது கல்லு தேய்க்கிற பொடி என்று தமிழில் சொன்னேன், மலையாளத்தில் சொன்னேன். ரெண்டையும் நம்பவில்லை. மத்தியானம் வரைக்கும் ஒரு மரத்தடியில் உட்கார வைத்தார்கள். அங்கே கோமதியம்மாள் வழி பார்த்து நிற்பாள், இங்கே என் பொட்டலத்துக்குக் காவல்.

கடைசியில் ஒரு யோசனை தோன்றிற்று. ஹெட் கான்ஸ்டபிளின் பெல்ட்டில் பித்தளைப் பக்கிள் பச்சை பூத்துக் கிடந்தது. அதைக் கழற்றித் தரச் சொல்லி, வெள்ளைப் பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து, என் துண்டின் நுனியால் நாலு தேய் தேய்த்தேன். பக்கிளில் அவர் மீசை தெரிந்தது. அதோடு நான் தப்பினேன், ஆனால் பொடி மாட்டிக்கொண்டது. ஏழு பேர் வரிசையாகப் பெல்ட்டைக் கழற்றி நீட்டினார்கள். வெள்ளைப் பொட்டலத்தில் பாதிக்குமேல் அங்கேயே போயிற்று. அந்த நைசான பொடி நாகர்கோவில் போனால்தான் கிடைக்கும், கடையடைப்பு ஓய்ந்தால்தான் நாகர்கோவில் போகலாம். ஹெட் கான்ஸ்டபிள் ரொம்பவும் சந்தோஷமாக என் முதுகில் தட்டினார். “வெடிமருந்து இல்லைண்ணு முன்னமே பறையக்கூடாதா? நாளைக்கும் இதுவழி வா, ஸ்டேஷன்ல இனியும் பெல்ட் உண்டு.”

வெள்ளிக்கிழமை பத்து மணி

கறுப்புப் பொடியில் ஒன்றரை நாள், சாம்பல் பொடியில் ஒரு நாள். கோமதியம்மாள் தேய்த்தாள். நல்ல காலில் பாரத்தைப் போட்டு, மற்றதை நீட்டி வைத்துக்கொண்டு, அழுத்தி, வட்டம் வட்டமாக. உள்ளங்கை கொப்பளித்தது, துணி சுற்றிக்கொண்டாள். தேய்த்துக் கழுவின தண்ணீரை ஜன்னல் வழியாக வெளியே ஊற்றுவாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இங்கே போதும், அங்கே இன்னும் நாலு சுற்று என்று சொல்லிக்கொண்டே நிற்பேன். கை துறுதுறுக்கும். நான் தேய்த்தால் இதில் பாதி நேரத்தில் முடிக்கிற வேலை. கிழவர் முற்றத்தைச் சுற்றி என் பக்கம் வந்து பார்ப்பார், திரும்ப உள்ளே போய்ப் பார்ப்பார். அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. இரக்கம் வந்ததா என்றால், கொஞ்சம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை வெள்ளைப் பொடி. எட்டு பாடு போயிற்று. ஒன்பதாவது சுவரோரம் மூலையில் இருந்தது, ஜன்னலிலிருந்து எனக்குத் தெரியாத இடம். பொட்டலத்தில் ஒரு சிட்டிகைதான் மிச்சம். தப்பாகத் தேய்த்துவிட்டால் மறுபடி தேய்க்கப் பொடி இல்லை. கொத்தன் வந்து பலாமரத்தடியில் கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டு வெற்றிலை போட ஆரம்பித்தான். முன்வாசலில் கட்சிக்காரர்கள் வந்து நின்றார்கள். கோமதியம்மாள், “இது உம்ம கண்ணு இல்லாம முடியாது மேஸ்திரி,” என்றாள். அடுக்களைக்குள் நின்ற தாணுப்பிள்ளை கொஞ்சநேரம் சுவரைப் பார்த்தார், அப்புறம் ஜன்னலைப் பார்த்தார். “எடே ஞானமுத்து, உள்ள வந்து பாரு,” என்றார்.

நெஞ்சு ஒரு குதி குதித்தது, மறைக்க மாட்டேன். ஆனால் என் காலைப் பார்த்தேன். நான் மூன்று நாளாக நின்ற இடம் முழுக்கக் கழுவி ஊற்றின கறுப்புப் பொடி. பாதத்திலும் வேட்டியிலும் அதுதான். கடைசி மெருகின்போது அதில் ஒரு துகள் கல்லில் விழுந்தால் கீறல் விழும், அதோடு எல்லாம் போயிற்று. “நான் வரப்படாது, பிள்ளை அய்யா. என் காலில பொடி உண்டு. நீங்களும் இந்த முற்றத்துல நடந்த காலோட அங்க நிக்கப்படாது, வெளியே வாங்க,” என்றேன். சொல்லும்போது எனக்கு ஒரு சுகம் இருந்தது, அதையும் மறைக்க மாட்டேன். தன் அடுக்களையை விட்டு வெளியே போ என்று அவரிடம் யாரும் அதுவரை சொன்னதில்லை. நான் கோபத்தை எதிர்பார்த்தேன். அவர் வந்துவிட்டார். வந்து ஜன்னலில் எனக்குப் பக்கத்தில் நின்றார். ரெண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தோம்.

“அம்மா, உம்ம கண்ணே போதும், பாத்துச் செய்யும்,” என்றேன். வேறு வழி? அவள் கையையும் காலையும் கழுவினாள், கொண்டையை இறுக்கிக் கட்டினாள். கன்னத்தைக் கல்லோடு வைத்து வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் அந்தச் சிட்டிகையை ஈரத்துணியில் தொட்டுத் தேய்த்தாள். எங்களுக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. பக்கத்தில் கிழவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. கொத்தன் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கடப்பாரையை எடுத்தான். அவள் ஈரத்துணியால் துடைத்தாள், உலர்ந்த துணியால் துடைத்தாள், நிமிர்ந்தாள்.

தாணுப்பிள்ளை கிணற்றடிக்குப் போய்க் காலைத் தேய்த்துக் கழுவிவிட்டு உள்ளே போனார். குனிந்தார். அவள் செய்தது போலவே கன்னத்தைக் கல்லோடு வைத்துப் பார்த்தார். முப்பது வருஷம் ஒரு பொய்க் கையெழுத்துப் போடாத மனுஷன். இன்றைக்கு என்ன சொல்வாரோ என்று கம்பியோடு முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தேன். நிமிர்ந்து ஜன்னல் பக்கம் திரும்பி, “கொத்தா, உனக்கு இங்க சோலி ஒண்ணுமில்ல, போ,” என்றார். கொத்தன் கடப்பாரையைத் தோளில் வைத்தான், கட்சிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கோமதியம்மாள் துணியை உதறிக் கம்பியில் போட்டாள். நான் மூடி வைத்ததை அவளும் அத்தனை நாள் வாய்க்குள் மூடி வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. குரலை உயர்த்தாமல், கட்சிக்காரருக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்: “இனி உங்க ஆளுகளுக்கு நாரங்கா அறுக்கணும்ணா, அந்த ஆணியில அரியுற பலகை தொங்குது மாமா.”

என்னைக் கேட்டால், அடுக்களைக் கல்லில் பாடு விழாமலிருக்க ஒரே வழி, அங்கே நின்று வேலை செய்யாத ஆட்களைப் பக்கத்தில் விடாமலிருப்பதுதான். அந்தக் கணக்கில் என்னையும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.